சில்வர் ஷேடோ: பிரேக் விளக்கும் தவறான எண்ணெயும்

வணக்கம் நண்பரே. 1974 ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷேடோ காரில் பிரேக்கை இரண்டு முறை மிதித்ததும் சிவப்பு விளக்கு எரிகிறது, விற்பவர் கனிம எண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடும் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள்! 1980-ல் வந்த சில்வர் ஸ்பிரிட் காருக்குத்தான் அந்தப் பச்சை நிறக் கனிம எண்ணெய். ஷேடோவுக்கு ஆர்ஆர்363 என்ற பிரேக் திரவம். மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும், மொத்த பிரேக் அமைப்பையும் பிரித்து மேய வேண்டியதுதான். ஏற்கெனவே ஊற்றிவிட்டாரா என்று முதலில் கேளுங்கள்.

இந்த பிரேக் அமைப்பு பிரெஞ்சு கார் நிறுவனமான சிட்ரோயனிடம் உரிமம் வாங்கிச் செய்தது. எஞ்சினின் காம்ஷாஃப்ட் (வால்வுகளை இயக்கும் தண்டு) ஓட்டும் இரண்டு பம்புகள் திரவத்தை இரண்டு அக்யுமுலேட்டர் (அழுத்தத்தைச் சேமிக்கும்) உருண்டைகளில் அழுத்தி வைக்கும். உள்ளே ரப்பர் சவ்வு, அதற்கு அந்தப் பக்கம் நைட்ரஜன். வாயு கசிந்துவிட்டால் அழுத்தம் சேமிப்பில் நிற்காது. எனக்கு அதன்மேல்தான் சந்தேகம்.

சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பிரேக் எச்சரிக்கை விளக்குகள் அணையும்வரை எஞ்சினை ஓட்டுங்கள். இன்னும் சில நிமிடம் விட்டு நிறுத்துங்கள். அப்புறம் இக்னிஷனை மட்டும் போட்டு, எத்தனையாவது மிதியில் விளக்கு வருகிறது என்று எண்ணுங்கள். நல்ல உருண்டை இருபதைத் தாண்டும். பத்துக்குள் வந்தால் புதுப்பிக்க வேண்டும். இரண்டு என்பது மிக மோசம், வண்டியைச் சாலையில் எடுக்காதீர்கள்.

உருண்டைகளைப் புதுப்பிப்பது முடியாத வேலை இல்லை. என்னைக் கேட்டால், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் என்ற இரும்புப் பகுதியில் துரு இருந்தால்தான் பயப்படுவேன். அங்கே ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் உள்ளே இருப்பது இரும்பல்ல, ஓட்டையை அடைக்கப் பூசிய புட்டிப் பசை.