பெரும்பான்மை இருந்தால் அரசமைப்பில் எதையும் மாற்றிவிடலாமா?

கேள்வி: ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று நமது அரசமைப்பின் முகப்புரை தொடங்குகிறது. அதை எழுதிய அரசியல் நிர்ணய சபையை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லையே. அப்படியிருக்க, இந்தச் சொற்களுக்கு என்ன பொருள்?
– ஓர் ஆசிரியை, மன்னார்குடி

பதில்: இந்த ஐயம் அந்தச் சபைக்குள்ளேயே எழுப்பப்பட்டது. 1946இல் சபையின் பெரும்பாலான உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் மாகாணச் சட்டமன்ற உறுப்பினர்கள். அந்தச் சட்டமன்றங்களுக்கோ, சொத்தும் வரியும் படிப்பும் பார்த்துக் கொடுக்கப்பட்ட வாக்குரிமையின்படி, வயது வந்தோரில் ஒரு சிறு பகுதியினரே வாக்களித்திருந்தனர். ஆகவே முகப்புரையின் முதற்சொற்கள், சபை எப்படி அமைந்தது என்பதைப் பற்றியவை அல்ல. அதிகாரம் யாரிடமிருந்து பிறக்கிறது என்பதைப் பற்றியவை. அதை உறுதிசெய்யும் இடம், பலர் எட்டிப்பார்க்காத கடைசிப் பிரிவில் இருக்கிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய 1947ஆம் ஆண்டின் இந்திய விடுதலைச் சட்டத்தை 395ஆவது பிரிவு நீக்கிவிடுகிறது. அதாவது, சபை தான் ஏறி வந்த ஏணியைத் தானே எடுத்துப் போட்டது. 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட அரசமைப்பு, மன்னரின் ஒப்புதலுக்கோ கவர்னர் ஜெனரலின் ஒப்புதலுக்கோ அனுப்பப்படவில்லை. குறுகிய வாக்குரிமையின் வழியே வந்தவர்கள் 326ஆவது பிரிவின் மூலம் வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை அளித்தார்கள். முதல் பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 17 கோடிப் பேர் வாக்காளர் பட்டியலில் இருந்தனர். என்னைக் கேட்டால், ‘மக்களாகிய நாம்’ என்பது 1949இல் கடனாக எழுதப்பட்டது, 1952இல்தான் அந்தக் கடன் தீர்ந்தது.

கேள்வி: நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு பலம் உள்ள கட்சி, அரசமைப்பின் எந்தப் பகுதியையும் மாற்றிவிட முடியுமா?
– வழக்கறிஞர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: எழுத்தில் உள்ளதை மட்டும் பார்த்தால், முடியும் என்றே தோன்றும். 368ஆவது பிரிவின்படி, ஒவ்வோர் அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோரும், வந்திருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதோரும் ஆதரிக்க வேண்டும். கூட்டாட்சியைத் தொடும் சில பிரிவுகளுக்கு மட்டும், மாநிலச் சட்டமன்றங்களில் பாதியாவது இசைய வேண்டும். இன்ன பொருளைத் தொடவே கூடாது என்று அங்கே ஒரு வரியும் இல்லை.

அந்த வரியை வரைந்தவர்கள் நீதிபதிகள். காசர்கோட்டை அடுத்த எடநீர் மடத்தின் தலைவர் கேசவானந்த பாரதி, கேரளத்தின் நிலச்சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு, 13 நீதிபதிகள் கொண்ட அமர்வின் முன் 68 நாட்கள் நடந்து, 1973 ஏப்ரல் 24 அன்று 7க்கு 6 என்ற கணக்கில் முடிவுக்கு வந்தது. நாடாளுமன்றம் அடிப்படை உரிமைகள் உட்பட எதையும் திருத்தலாம், ஆனால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கலாகாது என்பது தீர்ப்பின் சாரம். நிலச்சட்டங்கள் நிலைத்தன, மடத்தின் தலைவருக்கு நிலம் மிஞ்சவில்லை, பெயர்தான் நின்றது.

இதில் ஒரு குறை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. அடிப்படைக் கட்டமைப்பு எவை எவை என்ற பட்டியல் எங்கும் இல்லை. அந்த எழுவரும்கூட ஒரே பட்டியலைத் தரவில்லை. தேர்ந்தெடுக்கப்படாத சிலர் இத்தனை பெரிய அதிகாரத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களை எளிதில் புறந்தள்ள முடியாது. ஆயினும் இரண்டே ஆண்டுகளில் நடந்ததைப் பாருங்கள். 1975இல், நெருக்கடி நிலையின்போது, பிரதமரின் தேர்தல் குறித்த வழக்கையே நீதிமன்றங்களின் கைக்கு எட்டாதபடி செய்ய 39ஆவது திருத்தம் வந்தது. அதிலிருந்த அந்த விதியை உச்ச நீதிமன்றம் நீக்கியது இந்தக் கோட்பாட்டை வைத்துத்தான். அடுத்த ஆண்டு 42ஆவது திருத்தம், தன் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லையே இல்லை என்று நாடாளுமன்றம் தானே எழுதிக்கொண்டதாக அமைந்தது. 1980இல் மினர்வா மில்ஸ் வழக்கில் அதுவும் செல்லாது என்றானது. வரம்புக்கு உட்பட்டுக் கொடுக்கப்பட்ட அதிகாரம், அந்த அதிகாரத்தைக் கொண்டே தன் வரம்பைத் துடைத்துக்கொள்ள முடியாது என்ற அந்த வாதத்துக்கு எதிராக வலுவான மறுமொழி எதையும் நான் இதுவரை படித்ததில்லை.

கேள்வி: இந்தியா ‘மாநிலங்களின் ஒன்றியம்’ என்றால், மாநிலங்கள் சேர்ந்து உருவாக்கியதுதானே ஒன்றியம்?
– கல்லூரி மாணவர், ஈரோடு

பதில்: அல்ல. மாநிலங்களுக்கிடையே ஏற்பட்ட ஓர் ஒப்பந்தத்தால் பிறந்ததல்ல இந்தக் கூட்டாட்சி, எனவே எந்த மாநிலமும் விலக முடியாது என்று அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில் விளக்கினார். மூன்றாவது பிரிவின்படி, மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் சாதாரணப் பெரும்பான்மையிலேயே நாடாளுமன்றம் மாற்றலாம். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டுமே தவிர, அதன்படி நடக்க வேண்டியதில்லை. நம் கதையே சான்று: சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர்சூட்டச் சட்டமன்றம் 1967 ஜூலையில் தீர்மானம் நிறைவேற்றியும், நாடாளுமன்றம் 1968இல் சட்டம் இயற்றிய பிறகே, 1969 ஜனவரி 14 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இருந்தாலும் கூட்டாட்சி என்ற ஏற்பாட்டையே ஒழித்துவிட முடியாது. அது அடிப்படைக் கட்டமைப்பைச் சேர்ந்தது என்று கர்நாடகத்தின் முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை தொடுத்த வழக்கில் 1994இல் நீதிபதிகள் கூறியிருக்கிறார்கள்.

கேள்வி: அமெரிக்காவைப் போல ஆட்சித்தலைவரை ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு அசைக்க முடியாதபடி அமர்த்தியிருந்தால், ஆட்சிக் கவிழ்ப்புகள் இருந்திருக்காதே?
– வாசகர், சிதம்பரம்

பதில்: இருந்திருக்காது. அதையும் அம்பேத்கர் அதே உரையில் ஒப்புக்கொண்டார்: அமெரிக்க முறையில் நிலைத்தன்மை அதிகம், பொறுப்புக்கூறல் குறைவு, நமது அரசமைப்பின் வரைவு தேர்ந்துகொண்டது பொறுப்புக்கூறலை. 75ஆவது பிரிவு அமைச்சரவையை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பாக்குவது அதனால்தான். அதன் விலையை நாம் நேரிலேயே கண்டோம். அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதை அடுத்து, 1999 ஏப்ரல் 17 அன்று நடந்த நம்பிக்கை வாக்கெடுப்பில், வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் தோற்றது. அன்றே அவர் பதவி விலகல் கடிதத்தைக் கொடுத்தார்.