பி.எட்.டா, ஆராய்ச்சியா? ஒரு தந்தைக்குப் பதில்

ஐயா, வணக்கம். எம்.எஸ்சி. வேதியியல் முதலாண்டு படிக்கும் உங்கள் மகள், நுண்துளைப் பொருளுக்குள் அடைபட்ட மருந்தை நிறமாலை வழியாக, அதாவது அது ஒளி, கதிர்வீச்சுகளுக்கு எப்படி எதிர்வினை தருகிறது என்று பார்த்து, ஆராய விரும்புகிறார். பி.எட். படித்தால் வேலை நிச்சயமாயிற்றே என்பது உங்கள் கவலை. பி.எட். முடித்தாலும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) தேர்வு எழுதித்தான் அரசுப் பள்ளிக்குள் நுழைய முடியும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

உங்கள் மகள் ஆராயக் கேட்பது என்ன? வலிக்குப் போடும் ஐபுப்ரோஃபென் தண்ணீரில் சரியாகக் கரையாது. மூலக்கூறுகள் இறுகிப் படிகமாக நிற்பது அதற்கு ஒரு காரணம். எம்.சி.எம்-41 என்ற சிலிக்காத் தூளில் தேன்கூடு போலத் துளைகள், அகலம் சில நானோமீட்டர்தான். மருந்து மூலக்கூறின் நீளமே ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். உள்ளே போனால் படிகமாக அடுக்கிக்கொள்ள இடம் ஏது? 2001-இல் ஸ்பெயினின் மரியா வாயெத்-ரெகி குழு இந்தத் தூளை, மருந்தைத் தாங்கிச் சென்று வெளியிடும் பொருளாகக் காட்டியது. உள்ளே மருந்து எப்படி இருக்கிறது என்று சொன்னது என்.எம்.ஆர்., அதாவது காந்தப்புலத்தில் அணுக்கருக்கள் தரும் சைகையைப் பதிவு செய்யும் முறை. படிகத்தில் அகன்று கிடக்கும் புரோட்டான் (ஹைட்ரஜன் அணுக்கரு) கோடுகள் துளைக்குள் மெலிந்து கூர்மையாகின்றன; மூலக்கூறு தாராளமாக அசைகிறது என்பதற்கு அதுவே அடையாளம். 76 டிகிரி செல்சியஸில் உருக வேண்டிய மருந்து, அறை வெப்பநிலையிலேயே திரவம் போலப் புரள்கிறது! எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வேலைக்கும் இதுவே வழி. மாத்திரைக்குள் மருந்து எந்த வடிவில் இருக்கிறது என்று பார்க்க, என்.எம்.ஆர். போலவே இந்தத் துறையில் பழகும் ராமன் (ஒளிச்சிதறல்), அகச்சிவப்பு, எக்ஸ்-கதிர்க் கருவிகளை மருந்து நிறுவனங்களின் பகுப்பாய்வுப் பிரிவுகளிலும் பயன்படுத்துகிறார்கள். தலைப்பு மாறினாலும் கருவியில் பழகிய கை அவருடனே வரும்.

ஆனால் பிஎச்.டி.க்கு ஐந்தாண்டு ஆகும். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு. உதவித்தொகை இல்லாமல் சேர வேண்டாம் என்பதே என் கருத்து.

அதற்கு முன் ஒன்று செய்யலாம். இந்திய அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்திட்டத்தில் இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் இருந்து பார்க்கட்டும். அங்கே, திடப்பொருளை ஆராயும் என்.எம்.ஆரில் நான்கு மில்லிமீட்டர் குழலுக்குள் தூளைச் சீராக நிரப்ப வேண்டும். வினாடிக்குப் பத்தாயிரம் சுற்றுச் சுற்றும் அந்தக் குழல், ஒரு பக்கம் கனத்தாலும் ஒழுங்காகச் சுழலாது. கொட்டிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டியதுதான். மூன்றாம் முறையும் முகம் சுளிக்காமல் நிரப்புகிறாரா? அப்படியென்றால் தயங்காமல் அனுப்புங்கள்.

கோடைகாலத் திட்ட விண்ணப்பத்துக்கு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். இந்த வாரமே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.