மாமாவிடம் டிரா கேட்கலாமா?

அன்புள்ள சார்,

உசிலம்பட்டியில் இருக்கும் என் தாய்மாமாவோடு மொபைலில் தபால் செஸ் ஆடுகிறேன். ஒரு மூவுக்கு மூன்று நாள் அவகாசம். சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ரேட்டிங்கில் அவர் 1850, நான் 1450. மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி போகிற பஸ்ஸில்தான் பெரும்பாலும் காய் நகர்த்துவேன். இப்போது 22-ஆவது மூவ், ஒரு சிப்பாய் எனக்கு அதிகம். அதுவே பயமாக இருக்கிறது. டிரா கேட்டுவிடலாமா? ஓப்பனிங்கை, அதாவது ஆரம்ப மூவ்களை, புத்தகம் பார்த்து ஆடினேன். அது தப்பா?

கே., மேலூர்

அன்புள்ள கே.,

புத்தகம் பார்ப்பது தபால் ஆட்டத்தில் காலங்காலமாக உள்ள வழக்கம். இஞ்சின், அதாவது நல்ல மூவைக் கண்டுபிடித்துச் சொல்லும் கம்ப்யூட்டர் புரோகிராம், வேறு விஷயம். சர்வதேச தபால் செஸ் கூட்டமைப்பு அதையும் அனுமதிக்கிறது, செஸ்.காம், லிசெஸ் ஆகிய இணையத் தளங்களில் கூடாது. பிடிபட்டால் கணக்கு போகும், அப்புறம் மாமா முகத்தில் எப்படி விழிப்பது?

400 புள்ளி வித்தியாசம் என்றால் எலோ என்கிற ரேட்டிங் கணக்குப்படி 100 ஆட்டத்தில் உங்களுக்குச் சுமார் 9 புள்ளிதான், டிராவின் அரைப் புள்ளிகளையும் சேர்த்து. ஆனால் அது கடிகாரம் ஓட, காயைத் தொடாமல் மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டு ஆடி வாங்கிய ரேட்டிங். தபால் ஆட்டத்தில் நீங்கள் வீட்டில் போர்டை விரித்து, காய்களை நகர்த்தியே பார்க்கலாம். 1999-இல் காஸ்பரோவை எதிர்த்து இணையத்தில் பல ஆயிரம் பேர் வாக்குப் போட்டு ஆடினார்கள், ஒரு மூவுக்கு 24 மணி நேரம். பலமான இளம் ஆட்டக்காரர்கள் யோசனை சொன்னார்கள்தான். இருந்தாலும் உலகச் சாம்பியனுக்கு ஜெயிக்க 62 மூவ் ஆனது.

இந்த வசதியைத்தான் நீங்கள் பஸ்ஸிலேயே தொலைக்கிறீர்கள். பஸ்ஸில் யோசியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மூவை மட்டும் வீட்டுக்கு வந்து அனுப்புங்கள்.

நேரம் கொடுத்தாலும் ஈடுகட்ட முடியாத ஒன்று உண்டு: எந்தக் காயை வெட்டிக்கொள்ளலாம், எதைக் கூடாது என்கிற தீர்மானம். மாமா இனி அங்கேதான் பிடிப்பார். யானைகள் மட்டும் மிஞ்சினால் ஒரு சிப்பாய் அதிகம் இருந்தும் டிரா ஆவது சகஜம். வெறும் சிப்பாய்கள் மிஞ்சினால் பெரும்பாலும் ஜெயம். அவர் குதிரையையும் மந்திரியையும் வெட்டித் தீர்த்துவிட்டு யானையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டால் சுதாரியுங்கள். முடிவாட்டப் புத்தகத்தையும் (சில காய்களே மிஞ்சும் கடைசிக் கட்டத்துக்கானது) இப்போதே எடுத்து வையுங்கள், அதற்கும் தடையில்லை.

டிரா நீங்கள் கேட்க வேண்டாம். மாமா கேட்டால், உடனே சம்மதித்துவிடாமல் மூன்று நாளையும் எடுத்துக்கொண்டு போர்டைப் பாருங்கள். 1850 ஆட்டக்காரர் 1450-இடம் டிரா கேட்கிறார் என்றால், உங்கள் கண்ணில் படாத ஏதோ ஒன்று அவர் கண்ணில் பட்டுவிட்டது.