பீடிக் கணக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

முக்கூடல் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியன் நான். பிளஸ் ஒன் பையன்கள் பைக்குள் போனை ஒளித்துக் கொண்டுவருகிறார்கள். ராத்திரி முழுக்க ரீல்ஸ். கட்டுரை கேட்டால் சாட்ஜிபிடியில் எடுத்து எழுதுகிறார்கள். எங்களுக்கோ கல்வித்துறையின் எமிஸ் இணையதளத்தில் வருகைப்பதிவு ஏற்றுவதற்குள் முதல் பீரியடில் பாதி போய்விடுகிறது. ஹைடெக் லேப் இருக்கிறது. ஆன்லைன் தேர்வன்றுதான் திறப்போம். வீட்டுப்பாடத்தை ராத்திரி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறேன். ஆஸ்திரேலியா மாதிரி இங்கும் போனைத் தடை செய்தால் என்ன?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சார்,

எமிஸ் பற்றி நீங்கள் எழுதியதில் மிகையே இல்லை. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் ஆசிரியரைச் சிக்னல் தேட வைப்பது அநியாயம். ஆஸ்திரேலியா 2025 டிசம்பரில் தடுத்தது 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் சமூக ஊடகக் கணக்கை, போனை அல்ல. அது கிடக்கட்டும். சாட்ஜிபிடிக்கு முன்னால் நோட்ஸ் இருந்தது.

ஆனால் வீட்டுப்பாடத்தை ராத்திரி வாட்ஸ்அப்பில் போடுகிறவர் போனைத் தடை செய்யக் கேட்கலாமா? மணி அடிக்கும் முன் கரும்பலகையில் எழுதிப்போட ஐந்து நிமிஷம் ஆகுமா? பீடி சுற்றுகிற வீட்டில் ஒரே போன்தான் இருக்கும். 2020-ல் பள்ளியைப் பூட்டியபோது பாடத்துக்கென்று அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்கச் சொன்னது நாம்தானே.

எங்கள் தெருவில் ஒரு பிள்ளை. 2011-ல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி ஓரிரு வருஷத்தில் அவளுக்கும் ஒன்று கிடைத்தது. அம்மா பீடி சுற்றுகிறவர். பீடிக் கடையில் இலையும் புகையிலைத் தூளும் நிறுத்துக் கொடுப்பார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலை ஓட்டையும் பொடிசலுமாக இருந்தால் ஆயிரம் தேறாது. குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வெளியே வாங்கித்தான் எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும். அந்தக் காசு, கடையில் கூலிக் கணக்கு எழுதித் தரும் எந்தப் பாஸ்புக்கிலும் ஏறாது. அவளுடைய காமர்ஸ் டீச்சர் சாயங்காலங்களில் பக்கத்தில் உட்காரவைத்து எக்செல் சொல்லிக்கொடுத்தார். பிள்ளை வீட்டுக்கு வந்து, வாங்கிய இலை, கொடுத்த பீடி, கழித்துப்போட்டது, வெளியில் வாங்கிய இலைக்கான காசு என்று தினமும் ஏற்றினாள். மாசக் கடைசியில் அம்மாவின் நிஜக் கூலி தெரிந்தது. கடையில் போய்க் கேட்டார்கள். இலையின் எடை கூடவில்லை. ஆனால் தெருப் பெண்கள் அவரவர் பாஸ்புக்கோடு அவள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிட்டார்கள்.

அதே வருஷம் லேப்டாப் வாங்கிய பலர் அதில் சினிமாதான் பார்த்தார்கள். அவர்களை ஏசி என்ன செய்ய? பக்கத்தில் உட்கார ஒரு டீச்சர் கிடைக்கவில்லை. இன்றைக்கு உங்கள் பையன்கள் ரீல்ஸ் பார்ப்பதும் அதனால்தான் என்கிறேன். தன் வீட்டுக் கணக்கை, தன் வயலை, தன் ஊர்க் குளத்தை அந்தக் கருவியால் ஆராயலாம் என்று ஒருவரும் காட்டித்தரவில்லை. பாடப்புத்தகத்தில் 2018-லிருந்து க்யூஆர் கோடு இருக்கிறது. அதைத் தட்டினால் வருவதும் பார்ப்பதற்கு ஒரு வீடியோதானே! பார்த்துப் பார்த்தே வளர்ந்த பிள்ளையிடம், பார்க்காதே என்று மட்டும் சொன்னால் அவன் எங்கே போவான்?

நீங்கள் மனசு நொந்து எழுதியிருக்கிறீர்கள். பிள்ளைகள்மேல் அக்கறை இல்லாதவர் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டார். அதனால்தான் உரிமையோடு கோபப்படுகிறேன். கணினிகளை வைத்துப் பூட்டிய அறை உங்கள் பள்ளிக்குள்ளேயே இருக்கிறது. தலைமையாசிரியரிடம் கேட்டு வாரம் ஒரு சாயங்காலமாவது அதைத் திறங்கள். பீடி சுற்றுகிற வீட்டுப் பிள்ளைகள் வகுப்பில் கட்டாயம் இருப்பார்கள். முதல் நாள் அம்மாவின் பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.