வீடியோ கேம் இளவரசிகள் கதாநாயகிகளாக வரவேண்டுமா? பெடியன்கள் விளையாடுவார்களா?

கட்டாயம் வரவேண்டும். ஆனால் பெயருக்கு வந்தால் போதாது, ஆட்டமே அவளை மனதில் வைத்து யோசிக்கப்பட்டிருக்க வேண்டும்.

1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸில் பீச் இளவரசி மீட்கப்படக் காத்திருப்பவள் மட்டுமே. 2005இல் அவளை நாயகியாக்கி சூப்பர் பிரின்சஸ் பீச் வந்தது. அழுதால் செடி வளரும், கோபம் வந்தால் தீப்பிடிக்கும். பெண்ணின் பலம் என்றால் உணர்ச்சிதானா? எனக்கு அதில் இன்றும் மனம் ஆறவில்லை.

இன்னொரு வீடியோ கேம் இளவரசியான செல்டாவின் விசயம் வேறு. 1986இலிருந்து தொடர் அவள் பெயரில் ஓடுகிறது, வாள் பிடிப்பதோ லிங்க் என்ற வீரன். 2024இல் எக்கோஸ் ஒஃப் விஸ்டம் என்ற ஆட்டத்தில், அதைத் தயாரிக்கும் நின்டெண்டோ நிறுவனம் அவளையே நாயகியாக்கியது. கண்ட பொருளை நகலெடுத்துப் பாவிப்பதுதான் அவளது திறமை. பலம் முழுக்க மூளையில்.

திருகோணமலை உப்புவெளியில் அக்காவின் மகள் இந்த ஆட்டத்தை விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு கட்டில், அதன்மேல் இன்னொரு கட்டில், அப்படியே மதிலில் ஏறிவிட்டாள். அவளின் தம்பி "எனக்கும் தாங்கோ அக்கா" என்று கொன்ட்ரோலரை விடவேயில்லை. விளையாட்டு நன்றாக இருந்தால் பெடியன்கள் இளவரசியா, வீரனா என்று பார்ப்பதில்லை. அந்தப் பயம் விற்பவர்களுக்குத்தான். வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்குவதென்றால் எக்கோஸ் ஒஃப் விஸ்டத்தையே முதலில் வாங்குங்கள்.