ரப்பர் தோட்டத்துத் துப்பாக்கி யானையை நிறுத்துமா?

கேள்வி: பேச்சிப்பாறை பக்கம் எங்களுக்கு ரப்பர் தோட்டம். அப்பா பெயரில் லைசென்ஸ் உள்ள 12 போர் டபுள் பேரல் துப்பாக்கி இருக்கிறது. தான்சானியாவில் சஃபாரி முகாமில் வேலை பார்க்கும் மச்சான், அங்கே காவலுக்கு வருபவர் ஒரே ரைஃபிளுக்கு இரண்டு வகைத் தோட்டா வைத்திருப்பார் என்கிறான். எதற்கு இரண்டு? ஆனை வந்தால் எங்கள் துப்பாக்கி போதுமா?

பதில்: போதாது. சத்தமும் குழல் துளையின் அகலமும் இதில் கணக்கே இல்லை. குண்டு எவ்வளவு ஆழம், எவ்வளவு நேராகப் போகிறது என்பதுதான் கணக்கு.

மச்சான் பார்த்தவை சாஃப்ட், சாலிட். சாஃப்டில் தாமிரக் கலவை உறைக்குள் ஈயம் இருக்கும். முனையில் மட்டும் ஈயம் வெளியே தெரியும். உடம்பில் பட்டதும் காளானாக விரிந்து பெரிய காயம் உண்டாக்கும், அந்த அளவுக்கு ஆழம் குறையும். சாலிட் விரியாது. பித்தளையில் கடைந்திருப்பார்கள், அல்லது ஈயத்தின் மேல் எஃகு உறை போட்டிருப்பார்கள்.

ஆப்பிரிக்க எருமைக்கு முதல் வெடி பெரும்பாலும் சாஃப்ட். மந்தையில் சாலிடைப் போட்டால் ஊடுருவிப் போய்ப் பின்னால் நிற்பதையும் காயப்படுத்தும். அடிபட்ட எருமை திரும்பி ஓடும்போது பின்பக்கத்திலிருந்து நெஞ்சுவரை எட்ட வேண்டும், அதற்கு சாலிட். யானைக்கோ தொடக்கம் முதலே சாலிட்தான். காற்றறைகள் நிறைந்த தடித்த எலும்புக்குப் பின்னால் வெகு உள்ளே மூளை இருக்கிறது. சாஃப்ட் பாதி வழியில் விரிந்து நின்றுவிடும். சாலிடிலும் உருண்டை முனை சில நேரம் திசை மாறும், தட்டை முனை நேராகப் போகும்.

அந்த வகை ரைஃபிள்களில் ஒன்று 1912இல் வந்த .375 ஹெச் அண்ட் ஹெச். அதன் குண்டு 19.4 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 770 மீட்டர். உங்கள் 12 போரில் போடும் ஒற்றைக் குண்டு சுமார் 28 கிராம், 475 மீட்டர். எடை கூடுதல்தானே என்று தோன்றும். ஆனால் அது அகலமான வெறும் ஈயம். குறுக்களவோடு எடையை ஒப்பிடும் அடர்த்தி எண் .375க்கு 0.305, இதற்கு 0.12 அளவே. எலும்பில் பட்டுச் சப்பையாகிவிடும். ஒரே தோட்டாவில் பல சிறு குண்டுகள் இருக்கும் எல்.ஜி.யைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சரியான ரைஃபிளும் கைவிடுவதுண்டு. மலிவான சாஃப்டை அதிவேகத்தில் சுட்டால் உறையும் ஈயமும் பிரிந்து தோள் எலும்போடு நின்றுவிடும். 1956இல் வந்த .458 வின்செஸ்டர் ரைஃபிளின் பழைய தோட்டாக்களில் வெடிமருந்தை அழுத்தி அடைத்திருந்தார்கள்; நாளாக ஆகக் கட்டிபட்டு, சரியாக எரியாமல் வேகம் குறைந்தது. ஜீப்பில் வெயிலில் கிடந்த தோட்டாவில் அழுத்தம் ஏறி, சுட்ட தோட்டாவின் காலிக் கூடு குழலுக்குள் இறுகிக்கொள்ளும். அடுத்த வெடி போகாது.

பெல் என்ற வேட்டைக்காரர் 7 மில்லிமீட்டர் ரைஃபிளில் யானைகளைச் சாய்த்தாரே என்று யாராவது வாதிடலாம். அவர் போட்டது சாலிட் போல விரியாத, நீளமான முழு உறைக் குண்டு; மண்டையோட்டை அறுத்து மூளை இருக்கும் இடத்தைப் படித்தவர் அவர்.

நம் ஊரில் யானை 1972 வனவுயிர்ச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. சுட்டால் குறைந்தது 3 ஆண்டு சிறை. உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு செய்ததற்கு 11(2) பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் 12 போரால் அடிபட்ட யானை விழாது, உங்கள் பக்கம் திரும்பும். பால் வெட்டும் பகுதியில் யானையின் புது லத்தியோ தடமோ தெரிந்தால் அன்றைக்கு அந்தப் பகுதியில் வெட்டை நிறுத்துங்கள், விடியும் முன் ஆளை அனுப்பாதீர்கள், வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். துப்பாக்கி பூட்டியே இருக்கட்டும்.