ரத்தம் கொடுத்தவர் அடுத்து எதைக் கொடுக்கலாம்? – கேள்வி பதில்

இருபது ஆண்டுகளாக ரத்ததான முகாம்களில் தன்னார்வலராக இருக்கிறேன். ஊசிக்கு அஞ்சாமல் ஒருமுறை கையை நீட்டியவரிடம் அடுத்த கொடையைப் பற்றியும் தயக்கமின்றிப் பேசலாம் என்பது என் அனுபவம். கொடையாளர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருச்சி): மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்கிறேன். இடையில் தட்டணுக்கள் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம். தட்டணுக்கள் என்பவை ரத்தம் உறைய உதவும் சிறு அணுக்கள். ரத்தம் கொடுத்து 28 நாட்கள் கடந்திருக்க வேண்டும். அதன்பின் ஆண்டுக்கு 24 முறை வரை தட்டணுக்கள் மட்டும் தர விதிகள் இடம் தருகின்றன. கையிலிருந்து வரும் ரத்தத்தில் தட்டணுக்களைப் பிரித்துக்கொண்டு, சிவப்பணுக்களை இயந்திரம் உங்கள் உடலுக்கே திருப்பி அனுப்பிவிடுவதால்தான் இந்த இடைவெளி குறைகிறது. ஒன்றரை மணி நேரம் ஆகலாம். நடுவே உதடு மரத்துப்போவதுபோல் கூசினால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடலின் கால்சியத்தைச் சற்றுக் குறைப்பதே காரணம், கால்சியம் மாத்திரையில் சரியாகிவிடும். பையில் சேர்வது சிவப்பாக இராது, வைக்கோல் நிறத்தில் இருக்கும். அதை ஐந்து நாட்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. டெங்கு காலத்தில் ரத்த வங்கிகள் தவிப்பது இதனால்தான்.

கேள்வி (தனியார் நிறுவன ஊழியர், மதுரை): ஸ்டெம் செல் கொடுக்க முதுகெலும்பில் துளையிடுவார்களாமே? வீட்டில் பயப்படுகிறார்கள்.

பதில்: முதுகெலும்பை எவரும் தொடுவதில்லை. ஸ்டெம் செல் என்பது எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணு. இன்று பெரும்பாலான கொடைகள், நான் மேலே சொன்னதைப் போன்ற இயந்திரத்தின் வழியாகவே, கையிலிருந்தே நடக்கின்றன. அதற்கு முன், மூல அணுக்கள் மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வருவதற்காக, சுமார் ஐந்து நாட்கள் ஊசி போடுவார்கள். உடல்வலியும் தலைவலியும் வரும், பிறகு போய்விடும். சில நோயாளிகளுக்கு மட்டும், மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்து மஜ்ஜை எடுக்கப்படுகிறது.

பதிவு செய்வதோ மிக எளிது. பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவிக் கொடுத்தால் போதும். 2009 முதல் சென்னையிலிருந்து இயங்கும், ஸ்டெம் செல் கொடையாளர்களைப் பதிவு செய்யும் தாத்ரி அமைப்பில் 18 முதல் 50 வயதுக்குள் பதியலாம். இங்கே பார்க்கப்படுவது ரத்தப் பிரிவு அன்று, பெற்றோரிடமிருந்து வரும் திசு வகை. உடன்பிறந்தவருக்கே அது முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புத்தான். நம் ஊர் நோயாளிக்குப் பொருந்துபவர் நம் மக்களிடையே கிடைக்கவே வாய்ப்பு மிகுதி என்பதால், நம்மவர் பதியாமல் இருந்தால் அவர்கள் வெறுங்கையோடு காத்திருக்க நேரிடுகிறது.

ஆனால் ஒன்றை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மாற்று சிகிச்சைக்கு முன் வீரிய மருந்துகளால் நோயாளியின் சொந்த மஜ்ஜையை அழித்துவிடுவார்கள்; அதற்குப்பின் கொடையாளர் பின்வாங்கினால் நோயாளியின் உயிர் ஊசலாடும். எங்கள் முகாமில் பதிந்த இளைஞர் ஒருவர், பொருத்தம் இருப்பதாக முதல் அழைப்பு வந்தபோதே தாயாரின் அழுகைக்குப் பணிந்து விலகினார். அந்தத் தாயிடம் நாங்கள் முன்கூட்டியே பேசாமல் விட்டது எங்கள் பிழை. ஆகவே, முதலில் வீட்டாரை உட்காரவைத்து எல்லாவற்றையும் விளக்குங்கள். அவர்கள் மனம் இசைந்தபின் பதியுங்கள்.

கேள்வி (இல்லத்தரசி, கோவை): குழந்தைக்குப் பாலூட்டுவதால் ரத்தம் கொடுக்கக் கூடாது என்றார்கள். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு அம்மா. உங்கள் குழந்தைக்குப் போக மிஞ்சும் பாலைத் தாய்ப்பால் வங்கிக்குத் தரலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு, பெற்ற தாயின் பால் போதாதபோது, அது குடலைக் காக்கும் மருந்துபோல் உதவுகிறது. உங்களுக்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் அரை மணி நேரம் வைத்து, உறையவைத்துச் சேமிப்பார்கள். இந்தியாவில் இது மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் தொடங்கிய வழக்கம். இன்று தமிழகத்து அரசு மருத்துவமனைகளிலும் உண்டு.

கேள்வி (ஆட்டோ ஓட்டுநர், சேலம்): இவற்றுக்குப் பணம் உண்டா?

பதில்: இல்லை. உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் ரத்தத்தை விலைக்குக் கொடுப்பதே தடைசெய்யப்பட்டுள்ளது.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்): 65 வயது கடந்ததால் ரத்தம் வேண்டாம் என்கிறார்கள். நான் இனி எதற்கும் உதவ மாட்டேனா?

பதில்: ஐயா, கண் தானத்துக்கு வயது தடையே இல்லை. கண்ணாடி அணிந்தவரும், கண்புரை அறுவை செய்துகொண்டவரும் தரலாம். ஆனால் நீங்கள் கையெழுத்திட்டது மட்டும் போதாது, பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். இறந்து ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கியினர் வந்து சேர்வதற்காக உடனே அவர்களை அழைக்கச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சை வைத்து, தலைக்கடியில் ஒரு தலையணையை வைக்கச் சொல்லுங்கள்.